மெட்ராஸில் போட்ட டூட்டி

எங்கள் பஸ் கம்பெனியில் எந்த டிரைவர் எந்த வண்டியை எடுப்பது, அவரோடு எந்தக் கண்டக்டர் ஏறுவது என்பதை முதலில் ஒரு மனிதர் முடிவு செய்துகொண்டிருந்தார். பிறகு மெட்ராஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம் முடிவு செய்தது. அந்த மாற்றத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதை முழுவதும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தால் ஒரு தாயும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுமே முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு அந்த நாட்களைச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழே பணிமனையும் மேலே ஆபீஸுமாக இருந்த கட்டடம். வேலூர், விழுப்புரம், செங்கம், பெங்களூர், மெட்ராஸ் என்று சில தடங்களில் எங்கள் வண்டிகள் ஓடின. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போகும் கிராம வண்டிகளும் உண்டு. அவற்றில் சில அந்தியில் போய்க் கடைசி ஊரிலேயே தங்கிவிட்டு, விடியற்காலையில் பால்காரர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பும். அவற்றுக்கு நைட் ஹால்ட் வண்டி என்று பெயர். என் மேஜைக்கு எதிரே இருந்த ஜன்னலில் மலை தெரியும். கண்ணாடியில் டீசல் புகை படிந்திருந்ததால் கோடையிலும் அது மழைக்கு முந்தைய நிறத்திலேயே இருந்தது.

டூட்டி போடுகிறவர் முன்னாள் கண்டக்டர். முழங்காலில் அடிபட்டு ஆபீஸுக்கு மாற்றப்பட்டவர். தினமும் மாலையில் ஒரு கரும்பலகையில் மறுநாளைய டூட்டியை எழுதுவார். நேர்மையானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நல்ல தடங்களும் புதிய வண்டிகளும் அவருடைய ஊர்க்காரர்களுக்கே போகும். அவருக்கு வணக்கம் வைக்க மறந்தவருக்கு மறுநாள் குண்டும் குழியுமான தடம் கிடைக்கும். எல்லாருக்கும் இது தெரியும். ஒருநாள் ஒரு டிரைவர் பலகையைப் பார்த்துவிட்டு அவர் காதுபடவே சொன்னார்.

"இன்னா அண்ணே, உங்க ஊர்ல பொறந்திருந்தா நானும் பெங்களூர் பாத்திருப்பேன். எங்கம்மா தப்பு பண்ணிட்டாங்க."

"போய் உங்கம்மாவ கேட்டுகினு வா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் அவர், சாக்பீஸைக் கீழே வைக்காமல்.

இத்தனை பாரபட்சத்துக்கும் நடுவில் அவர் ஒருநாளும் மீறாத வழக்கம் ஒன்று இருந்தது. ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேரை ஒரே வண்டியில் அவர் ஏற்றமாட்டார். அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் கம்பெனியில் பலர் இருந்தார்கள். மசூதித் தெருவிலிருந்து வந்த மாமனும் மருமகனும்கூட இருந்தார்கள். கார்த்திகை தீபத்தன்று, யார் எந்த வண்டியில் இருக்கிறார் என்று யாருக்குமே தெரியாத நெரிசலிலும், இந்த ஒன்று தப்பாது. நான் சேர்வதற்கு முன்பு ஏதோ ஓர் ஏரிக்கரையில் வண்டி கவிழ்ந்து ஒரே வீட்டில் இரண்டு பேர் போனார்களாம். கொள்ளி வைக்க அந்த வீட்டில் ஆண் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார்களாம். அதையும் முழுதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்குவார்கள், பாதியில் பேச்சை மாற்றிவிடுவார்கள். வழக்கத்தை எல்லாரும் கடைப்பிடித்தார்கள். அதன் காரணத்தை மட்டும் யாரும் வாயால் சொல்ல விரும்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் முதலாளியின் மாப்பிள்ளை நிர்வாகத்துக்கு வந்தார். மெட்ராஸில் படித்தவர். மரியாதையானவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. டூட்டி விஷயத்தில் தொழிலாளர் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடந்துகொண்டிருந்த ஓயாத சண்டையைப் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மெட்ராஸில் ஒரு நிறுவனம் கம்ப்யூட்டர் வைத்திருந்தது. மற்ற கம்பெனிகளின் வேலைகளை வாங்கிச் செய்து கொடுப்பதே அவர்கள் தொழில். டூட்டி, சம்பளம், உதிரிபாகங்களின் இருப்பு மூன்றையும் அவர்களிடம் ஒப்படைப்பது என்று ஏற்பாடாயிற்று. நாங்கள் இங்கிருந்து விவரங்களை அனுப்ப வேண்டும். அவர்கள் ஒவ்வொரு மாதத்துக்குமான டூட்டியை அச்சடித்து அனுப்புவார்கள். போவதும் வருவதும் எங்கள் மெட்ராஸ் வண்டியிலேயே. சங்கம் இதை எதிர்க்கும் என்று மாப்பிள்ளை பயந்திருந்தார். நேர்மாறாக, சங்கத்துச் செயலாளர் ஆபீஸுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். மிஷினுக்குச் சொந்த ஊர் கிடையாதே என்பது அவருடைய மகிழ்ச்சி.

எனக்கும் அதே மகிழ்ச்சிதான். முகம் பார்த்து வேலை பங்கிடுவது எனக்குப் பிடித்ததில்லை.

ஒப்பந்தம் ஆன பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கண்ணாடி போட்டவர், அடக்கமானவர். மலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மாடி ஏறினார். டூட்டி போடுகிறவர், மாப்பிள்ளை, நான் மூவரும் அவரோடு உட்கார்ந்தோம். அவர் கேட்கக் கேட்க டூட்டி போடுகிறவர் சொல்ல வேண்டும், நான் டைப் செய்ய வேண்டும்.

"கம்ப்யூட்டருக்கு நீங்க சொல்றது மட்டும்தாங்க தெரியும். சொல்லாதது எதுவும் தெரியாது. அதனால எல்லா ரூலையும் சொல்லிடுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்க" என்றார் அந்த இளைஞர்.

சொல்லிக்கொண்டே வந்தோம். பெங்களூர் போய்த் திரும்பியவருக்கு மறுநாள் விடியற்கால வண்டி கூடாது. புது டிரைவரை மலைப்பாதைத் தடத்தில் போடக் கூடாது. நைட் ஹால்ட் வண்டிக்கு அந்த ஊரில் அல்லது அதற்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் அவர்கள் வண்டியிலேயே சுருண்டு படுக்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த இளைஞர் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, புரிந்தது என்று தலையசைத்து அடுத்ததற்குப் போனார். அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முடிக்கும் தறுவாயில் நான் டூட்டி போடுகிறவரைப் பார்த்து மெதுவாக, "அண்ணே, ஒரே வீட்டுக்காரங்க விஷயம்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என் பக்கம் குனிந்து, "அதப் போய் எழுதுவாங்களாம்மா? இவுரு ஏன்னு கேப்பாரு. ரெண்டு பேரும் ஒண்ணா போய்ட்டா இன்னா பண்றதுன்னு நான் சொல்லணும், அத உன் கையால நீ அடிக்கணும். வெள்ளிக்கெழம அதுவுமா" என்றார்.

"காரணம் வேணாம். கூடாதுன்னு மட்டும் சொல்லிடலாம்ணே."

"காரணம் இல்லாம அவுரு எத எடுத்துகினாரு? சும்மா இரும்மா. அதெல்லாம் தானா நடக்கும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து, "என்ன விஷயம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க. சாருக்கு டீ சொல்லட்டுமான்னு கேட்டேன்" என்றார் டூட்டி போடுகிறவர்.

டீ வந்தது. விதிகள் அடங்கிய காகிதங்கள் மெட்ராஸுக்குப் போயின.

முதல் சில மாதங்கள் நன்றாகவே நடந்தன. ஓரங்களில் வரிசையாகத் துளை போட்ட நீளமான காகிதத்தில் டூட்டி வந்தது. அதைச் சுவரில் ஒட்டினோம். வாழ்நாளில் பெங்களூர் தடத்தைப் பார்த்திராத டிரைவர்கள் பெங்களூர் போனார்கள். டூட்டி போடுகிறவரை உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள். வணக்கம் வைக்க யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. அநியாயம் நடந்துவிட்டதாக மட்டும் தோன்றவில்லை.

அந்த அண்ணன் தம்பிகள் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அண்ணன் டிரைவர், அதிகம் பேசாதவர். தம்பி கண்டக்டர், வாய் ஓயாதவர். இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மா மணிலா என்கிற வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குப் போய் இருவரையும் படிக்க வைத்து, லைசென்ஸ் வாங்க வைத்தவள். அதுவரை அண்ணன் வேலூர் வண்டியில் போனால் தம்பி செஞ்சி வண்டியில் போவார். ஒரு மாதம் வந்த டூட்டியில், அப்போதுதான் புதிதாக விட்டிருந்த அவர்களுடைய கிராமத்து நைட் ஹால்ட் வண்டிக்கு இருவர் பெயரும் சேர்ந்து வந்திருந்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்த ஊரில் வீடு உள்ள டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர் வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். இரண்டுக்கும் ஒரே வீட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது மிஷின். அதன் கணக்கில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. எங்கள் வழக்கம் எதைக் கண்டு விலகி ஓடியதோ அதையே தேடிப் பிடித்துச் சேர்க்கும் விதியை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

சுவரில் ஒட்டியதைப் பார்த்துவிட்டுத் தம்பிதான் முதலில் சிரித்தார். "அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் ஜோடி பாத்துட்டாங்க. தட்டு மாத்தறது ஒண்ணுதான் பாக்கி."

"வாய மூடு. அம்மா காதுல வுழப்போவுது" என்றார் அண்ணன்.

அந்த மாதம் அவர்கள் தங்களுக்குள்ளேயே சமாளித்துக்கொண்டார்கள். தம்பி செஞ்சி வண்டிக் கண்டக்டரோடு வண்டியை மாற்றிக்கொண்டார். பஸ் நிலையத்தில் காலங்காலமாக நடப்பதுதான் அது. ஆனால் மாதக் கடைசியில் கண்டக்டர்கள் இருவரும் அத்தனை நாட்களும் வேலைக்கு வரவில்லை என்று மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. டூட்டியில் இருக்கும் பெயரும் அன்றன்று வண்டியில் எழுதும் டிரிப் ஷீட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஆள் வரவில்லை என்றுதான் கணக்கு. அதைச் சரிசெய்ய நான் மாதம் முழுவதும் எழுதிப் போட வேண்டியிருந்தது. செஞ்சி வண்டிக் கண்டக்டர், "தம்பி, நான் புள்ளகுட்டிக்காரன். இனிமே என்ன இழுக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அடுத்த மாத டூட்டியிலும் அண்ணன் தம்பி பெயர்கள் சேர்ந்தே வந்தன. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வீடு எங்கும் போகப்போவதில்லையே.

அந்த அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸுக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, காட்டு வேலையில் கறுத்த முகம். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை கதவருகே நின்றாள். உதிரிபாக அறையிலிருந்து ஏதோ கேட்க வந்திருந்த பழைய டூட்டிக்காரரும் அப்போது அங்கிருந்தார்.

"டூட்டி போடறவரு யாரும்மா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இப்ப நான் இல்லக்கா."

"அப்ப யாரு?"

"மெட்ராஸ்ல போடறாங்க."

"அவங்க பேரு இன்னா? நான் போய்ப் பாத்து சொல்லிட்டு வரேன். நம்ம வண்டிதான் போவுதே."

"ஆளு இல்லக்கா. மிஷினு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மிஷினுக்கு யாரோ ஒருத்தரு சொல்லித்தான குடுத்திருப்பாங்க. அவர சொல்லு, போதும்."

பழைய டூட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த இளைஞர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார் என்று மெட்ராஸ் நிறுவனத்திலிருந்து முந்தைய மாதமே தெரிவித்திருந்தார்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு உரிய மனிதர் இந்தத் தேசத்திலேயே இல்லை.

மாப்பிள்ளையிடம் அழைத்துப் போனேன். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் போடாமல் இருந்தால் போதும், எந்தத் தடமானாலும் சரி, வீட்டுக்கு வராமல் வெளியூரிலேயே தங்கினாலும் சரி என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அவள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். அவள் எதிரிலேயே மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தார்.

இணைப்புக் கிடைக்க மதியமாகிவிட்டது. அதுவரை அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அந்த முனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார் போலும். ஊர் என்று ஒரு விவரம் அவர்களிடம் இருக்கிறது, வீடு என்று ஒரு விவரம் இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லாத் தொழிலாளர்களின் குடும்ப விவரத்தையும் புதிதாக வாங்கி, கம்ப்யூட்டருக்கு எழுதியதை மாற்றி எழுத வேண்டும். அது ஒப்பந்தத்தில் இல்லை. புது ஒப்பந்தம் அடுத்த ஆண்டு பேசும்போது பார்க்கலாம். கையால் மாற்றிக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். கையால் மாற்றினால் டூட்டி சரியாக வருவதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்களாம்.

ரிசீவரை வைத்துவிட்டு அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இவங்க ஒருத்தருக்கு நான் மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரா வருவாங்க. ஒருத்தருக்கு மாமியார் ஊர், ஒருத்தருக்கு கண்ணு சரியில்ல. கேக்கறதுக்கு இங்க ஆள் இருக்கக்கூடாதுன்னுதானேம்மா வெளிய குடுத்தோம்."

பிற்காலத்தில் எத்தனையோ பெரிய நிறுவனங்கள் தங்கள் வேலைகளை வெளியே கொடுப்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன். சிக்கனம், திறமை, வேகம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். அன்று அந்த அறையில் மாப்பிள்ளை சொன்ன காரணத்தைவிட உண்மையான ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை. அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. சலித்துப்போன ஒரு மனிதரின் குரலில் சொன்னார். சலுகை கேட்டு வருகிறவர்களுக்காக அடைத்த கதவு அது. இவளும் அதே கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. அந்தப் பழைய கரும்பலகையில், அதை எழுதிய மனிதரின் கையில், ஓரவஞ்சனையும் இந்த ஒரு கருணையும் ஒன்றாகவே குடியிருந்தன. ஒன்றைத் துரத்தியபோது மற்றதும் வெளியேறிவிட்டது. பிரித்தெடுக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு வழி யோசித்தேன். தம்பியின் முகவரியை மட்டும் திருவண்ணாமலை டவுனுக்கு மாற்றிவிட்டால் அவர் கிராமத்துக் கணக்கிலிருந்து நழுவிவிடுவார். டவுன்காரர்களுக்குப் பெரும்பாலும் தூரத்து வண்டிகள்தான் வந்தன. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடும் பகுதியில், அண்ணன் தம்பிக்கு ஓர் ஒன்றுவிட்ட சித்தப்பா இருந்தார். அவர் முகவரியைக் கொடுக்கச் சம்மதித்தார். மாப்பிள்ளையும் பார்த்தும் பாராததுபோல் இருக்கத் தயாராக இருந்தார். ஆனால் முகவரி மாற்றத்துக்கு மெட்ராஸில் அத்தாட்சி கேட்டார்கள். சித்தப்பாவின் ரேஷன் கார்டில் தம்பியின் பெயர் இருக்க வேண்டும். அதற்கு முதலில் அம்மாவின் கார்டிலிருந்து அவர் பெயரை அடிக்க வேண்டும்.

மறுமுறை அவள் வந்தபோது இதை விளக்கினேன். பிள்ளைகள் இருவரும் உடன் இருந்தார்கள்.

"பேர அடிக்கறதுன்னா?" என்றாள்.

"கார்டுல சின்னவர் பேர் மேல ஒரு கோடு போடுவாங்கம்மா. அவ்வளவுதான்."

"வீட்டுக்காரு செத்தப்ப அப்பிடித்தான் கோடு போட்டாங்க."

தம்பி சிரிக்க வைக்கப் பார்த்தார். "எம் பேருக்கு பதிலா அண்ணன் பேர அடிக்கச் சொல்லும்மா. அதுதான் ரேஷன் சக்கரய ஜாஸ்தி துன்னுது."

அவள் சிரிக்கவில்லை. என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எம்மா, அவன் உசுரோட இருக்கணும்னுதான் நான் இந்தப் படி ஏறுனேன். இருக்கற புள்ள பேருமேல கோடு போடச் சொல்றியே."

அது வெறும் காகிதம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கெட்டதை எழுதி வைத்தால் நடந்துவிடும் என்று அஞ்சிய ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, எழுதியதை அடித்தால் ஒன்றும் ஆகாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அந்த வழி அத்தோடு மூடிக்கொண்டது.

அவர்கள் ஒன்றாகவே போய் வந்தார்கள். தினமும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் சாப்பிட்டார்கள். வேறெந்தத் தாய்க்கும் அது மகிழ்ச்சி. அவளோ வண்டி புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று அண்ணன் என்னிடம் ஒருமுறை சொன்னார். குறை சொல்லும் தொனியில்லை. வானம் மூட்டமாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி அவர்கள் ஊருக்கு முன்னால் இருக்கும் தரைப்பாலத்தில் தண்ணீர் புரண்டது. பகலிலும் அதே தடத்தில் ஓடும் வண்டி மதிய டிரிப்பில் பாலத்துக்கு இப்புறமே நின்றுவிட்டது. பயணிகளை இறக்கிவிட்டு அண்ணனும் தம்பியும் வண்டியிலேயே காத்திருந்தார்கள். ஆபத்து ஒன்றுமில்லை. பஸ் தண்ணீரில் மாட்டிக்கொண்டது என்று ஊருக்குள் செய்தி போனதுதான் கெட்டது. அவள் வேலை செய்துகொண்டிருந்த காட்டிலிருந்தே ஓடிவந்தாள். நீருக்கு அக்கரையில் அவளும் இக்கரையில் பிள்ளைகளும் நின்றார்கள். இவர்கள் கையாட்டினார்கள். தம்பி விசில்கூட ஊதினாராம். அவள் பதிலுக்குக் கையாட்டவில்லை. உட்காரவுமில்லை. அந்தியில் நீர் வடிந்து இவர்கள் அக்கரைக்குப் போனபோது இருவரில் ஒருவரையும் தொடாமல், திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலையில் அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "யாராவது ஒருத்தரு போவாதீங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன்" என்றாளாம்.

தம்பி ராஜினாமா செய்தார். நேரில் வரவில்லை. அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். நல்ல பையன், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றார். "அம்மாவால பொறுக்க முடியலீங்க" என்றார் அண்ணன். அடுத்த மாதத்து டூட்டியில் அந்த ஊர் வண்டிக்குப் பக்கத்து ஊர்க் கண்டக்டர் ஒருவர் பெயர் வந்திருந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லை. பழைய டூட்டிக்காரர் சுவருக்கு முன்னால் நின்று அதைப் படித்துவிட்டு உதிரிபாக அறைக்குத் திரும்பிப் போனார்.

தம்பி பெங்களூருக்குப் போனார். அங்கே ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனில் கிளீனர் வேலை. இங்கே கண்டக்டராக இருந்தவர் அங்கே வண்டி கழுவினார். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தத் தை மாதத்திலேயே அவள் கடைசியாக ஆபீஸுக்கு வந்தாள். எதையும் மாற்றித் தரச் சொல்லி வரவில்லை. டவுனுக்கு ஏதோ வாங்க வந்தவள், படியேறி என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். வேகவைத்த மணிலாக் கொட்டையை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். இந்தமுறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சின்னவனுக்கு அங்க யாரும்மா வண்டி போடறாங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் எனக்குச் சொல்லியிருந்ததை அவளுக்குச் சொன்னேன். "அந்த கம்பெனியில வண்டி வேலைய ஒரு காண்ட்ராக்ட்காரருக்கு குடுத்துட்டாங்களாம்மா. அவர்தான் போடறாராம்."

"அவரு பெங்களூர்லயே இருக்காரா?"

"இல்ல. ஓசூர்ல இருக்காராம். அவரும் இன்னொருத்தர்கிட்ட விட்டிருக்காராம். அது யாருன்னு உங்க புள்ளைக்கே தெரியல."

அவள் தலையசைத்தாள். "அப்ப அங்கயும் நேராப் போயி கேக்க முடியாது" என்றாள். கேள்வியாக அவள் அதைச் சொல்லவில்லை.

வெளியே அவர்கள் ஊர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அண்ணன்தான் டிரைவர். மாடியிலிருந்தே அவர் தலை தெரிந்தது. "உங்க வண்டி நிக்குதும்மா, கெளம்புங்க" என்றேன்.

"அதுல நான் ஏறமாட்டேன்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"இப்ப வீட்டுல நாங்க ரெண்டு பேருதானம்மா" என்றாள்.

கீழே ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அண்ணன் மேலே நிமிர்ந்து பார்த்தார். அவள் போ என்று கையைக் காட்டினாள். வண்டி நிலையத்தை விட்டு வெளியேறும்வரை பார்த்திருந்துவிட்டு எழுந்து, வேறொரு கம்பெனியின் கீழ்பென்னாத்தூர் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனாள். அது அவள் ஊருக்குள் போகாது. கீழ்பென்னாத்தூரில் இறங்கி மீதித் தூரத்தை அவள் நடக்க வேண்டும்.